கடல் கடந்த எண்ணெயும் கணவாய் எல்லையும்

கொச்சியை அடுத்த அம்பலமுகளில் 1966ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்பட்டு, திருச்சூர், பாலக்காடு ஜில்லாக்களின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் அடியில் ஓடி, பாலக்காட்டுக் கணவாயின் வழியே மாநில எல்லையைத் தாண்டி, கோயமுத்தூருக்கு அருகே இருகூரைத் தொட்டு, கரூரில் போய் முடிகிற குழாய் ஒன்று உண்டு. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயில் 2002ஆம் ஆண்டு முதல் பெட்ரோலும் டீசலும் போய்க்கொண்டிருக்கின்றன. பூமிக்கு அடியில் அந்த எண்ணெய்க்குக் கேரளம் என்றும் தமிழ்நாடு என்றும் பேதம் கிடையாது. பூமிக்கு மேலே வந்ததும் விசித்திரமான ஒரு நிலைமை தோன்றுகிறது. சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சமீபத்திலுள்ள பாலக்காட்டில் பெட்ரோலின் விலை அதிகமாகவும், எல்லையைத் தாண்டித் தொலைவிலிருக்கும் கோயமுத்தூரில் குறைவாகவும் இருக்கிறது. சென்ற சில வருஷங்களில் இந்த வித்தியாசம் லிட்டருக்கு ஐந்து ரூபாயை ஒட்டியே நின்றிருக்கிறது. தூரம் கூடினால் விலை ஏறுவதுதான் வியாபார தர்மம். தூரம் கூடிய பிறகு விலை இறங்குகிறதென்றால், அதை நிர்ணயிப்பது வியாபாரத்துக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று என்று ஊகிக்கப் பெரிய பொருளாதார ஞானம் வேண்டியதில்லை.

அந்த ஏதோ ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது என்பதையும், அதனால் நம் வெளியுறவு பல சந்தர்ப்பங்களில் நம் சித்தப்படி நடவாமல் எண்ணெய்க் கப்பலின் சித்தப்படி நடக்கிறது என்பதையும் பத்திரிகை படிப்போர் அறிவார்கள். அவ்வளவாகப் பேசப்படாத விஷயம் இன்னொன்று இருக்கிறது. அப்படி வாங்கிவந்த எண்ணெயின்மேல் விதிக்கிற வரியை ஊன்றுகோலாகக் கொண்டே டில்லியும் திருவனந்தபுரமும் சென்னையும் தத்தம் பொக்கிஷங்களை நடத்துகின்றன. அந்நிய எண்ணெயின் உபயோகத்தைக் குறைக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, அவர்களுக்கே அது குறையாமலிருப்பதில் ஆதாயம் இருக்கிறது. இந்த இரண்டாவது பந்தத்தை அவிழ்க்காமல் முதலாவது பந்தத்திலிருந்து நமக்கு விமோசனம் இல்லை என்பது என் அபிப்பிராயம். பாலக்காட்டு, இடுக்கி எல்லைப் பிரதேசங்களில் இவ்விரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தம்மைக் காட்டிக்கொள்கின்றன.

முதலாவது பந்தத்தின் சரித்திரம் நீண்டது. 1960ஆம் ஆண்டில் சோவியத் யூனியன் நடப்பு விலையைவிடக் குறைவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தபோது, எண்ணெய் இலாகாவின் மந்திரியாயிருந்த கேசவதேவ் மாளவியா அதை வரவேற்றும், பர்மா-ஷெல், ஸ்டான்வாக், கால்டெக்ஸ் என்ற மூன்று அந்நியக் கம்பெனிகளும் தங்கள் நிலையங்களில் அதைச் சுத்திகரிக்க முடியாது என்று மறுத்துவிட்டன. சுதந்திரம் பெற்றுப் பதின்மூன்று வருஷங்களான ஒரு தேசம், தன் மண்ணிலேயே இருந்த ஆலைகளில் தான் விரும்பிய எண்ணெயைக் காய்ச்சிக்கொள்ள முடியாமல் நின்றது. அந்தப் பாடத்துக்குப் பின் எழுந்தவையே சர்க்காரின் முயற்சியில் பிறந்த சுத்திகரிப்பு நிலையங்கள். ஆனால் தென்னாட்டில் எழுந்த இரண்டும் அந்நியக் கூட்டாளிகளோடுதான் பிறந்தன: கொச்சி நிலையத்துக்கு அமெரிக்காவின் பிலிப்ஸ் பெட்ரோலியம்; 1969இல் தொடங்கிய சென்னை மணலி நிலையத்துக்கு ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் அமெரிக்காவின் அமோகோவும். மூலதனம் கொடுத்தவனும் எண்ணெய் கொடுத்தவனும் இரு திசைகளில் இழுக்கும் நாள் வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி, பிறப்பிலேயே இவற்றின் ஜாதகத்தில் எழுதப்பட்டுவிட்டது.

அந்த நாள் பலமுறை வந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, எண்ணெய் விலை ஏறி நம் அந்நியச் செலாவணி கரைந்தது ஒருபுறமிருக்க, 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்களில் கேரளத்தவர் மிகப் பலர். சில மாதங்கள் கழித்து, 1991 ஜனவரியில், பாரசீக வளைகுடாவை நோக்கிச் சென்ற அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாயிலும் ஆக்ராவிலும் நம் சென்னையிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளப் பிரதமர் சந்திரசேகரின் சர்க்கார் இடம் கொடுத்தது. தேசமெங்கும் கண்டனம் எழுந்த பிறகே அது நின்றது. அதே வருஷம் ஜூலையில் 47 டன் தங்கம் இங்கிலாந்துக்கு அடகுக்குப் போயிற்று. அணிசேராக் கொள்கையை உலகுக்கு உபதேசித்த தேசம், எண்ணெய்க்கும் செலாவணிக்கும் முட்டுப்பட்டபோது எவ்வளவு விரைவில் வளைந்துகொடுக்க நேர்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஈரானின் விவகாரம் இன்னும் படிப்பினை தருவது. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு எரிவாயுக் குழாய் அமைக்கும் யோசனையை உற்சாகத்தோடு முன்னெடுத்த பெட்ரோலிய மந்திரி, மயிலாடுதுறையின் பிரதிநிதியான மணிசங்கர் ஐயர், 2006 ஜனவரியில் அந்த இலாகாவிலிருந்து மாற்றப்பட்டார். அமெரிக்காவுடன் அணுசக்தி உடன்பாடு உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. பகைமை மிகுந்த ஓர் எல்லையைக் கடந்து எரிபொருள் வருமானால் அந்த எல்லையின் சுபாவமே மாறக்கூடும் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தின் உயிர்நாடி; ஆனால் திட்டம் கைகூடவில்லை. பிறகு 2019 மே மாதத்தில், ஈரான் எண்ணெய் வாங்குவோருக்கு அளித்திருந்த விலக்கை அமெரிக்கா நிறுத்தியதும், நாமும் வாங்குவதை நிறுத்தினோம். மணலி நிலையத்தின் பங்குகளில் ஏறத்தாழ 15 சதவீதம் ஈரானிய சர்க்காரின் கம்பெனியிடம் இருக்கிறது. பங்காளியின் எண்ணெயைப் பங்காளியின் ஆலைக்குள் விட முடியாதபடி வாஷிங்டனில் ஒரு கையெழுத்து செய்துவிட்டது.

உக்ரைன் யுத்தத்துக்குப் பின் நடந்ததோ, இந்தக் கணவாய்ப் பிரதேசத்தின் வாசலுக்கே வந்து நின்றது. 2022க்கு முன் நம் எண்ணெய் இறக்குமதியில் 2 சதவீதத்தைக்கூட எட்டாதிருந்த ரஷ்யா, இரண்டே வருஷங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தரத் தொடங்கியது. மலிவான இடத்தில் வாங்குவது ஓர் ஏழை தேசத்தின் உரிமை என்று நம் சர்க்கார் சொன்னது நியாயமான வாதமே. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி விதித்து, இந்தியச் சரக்குகள்மீது மொத்தம் 50 சதவீதமாக்கியபோது, அடி விழுந்தது எங்கே? அம்பலமுகளிலிருந்து வரும் குழாயின் வழியிலுள்ள திருப்பூரின் பின்னலாடைகள்மீதும், அது முடியும் கரூரின் வீட்டு உபயோகத் துணிகள்மீதும் விழுந்தது. பின்னால் அந்த வரி ஏறினாலென்ன, இறங்கினாலென்ன, எண்ணெய் வாங்கும் தீர்மானம் டில்லியில் எடுக்கப்படுகிறது, அதன் தண்டனை தையல் மெஷின்முன் உட்கார்ந்திருப்பவருக்கு வருகிறது என்ற உண்மை மாறாது. தள்ளுபடி விலையில் கிடைத்த எண்ணெயினால் அந்தத் தொழிலாளிக்குக் கிடைத்த சகாயம் எவ்வளவு என்று கேட்டால், பெட்ரோல் பங்கின் விலைப்பலகை விடை சொல்லும்: இரண்டு வருஷம் அது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, 2024 மார்ச்சில் ஒருமுறை 2 ரூபாய் குறைந்ததோடு சரி.

எண்ணெய் உறவு ஒருவழிப் பாதை மட்டும் அன்று. இடுக்கியின் ஏலமலைகளில் விளையும் காய்க்கு வளைகுடா நாடுகள் முக்கியமான சந்தை. அரேபியர் விருந்தினருக்கு வார்க்கும் கஹ்வாவில் ஏலக்காய் இல்லாமல் முடியாது. கேரளத்தின் புற்றடியிலும் தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடக்கிற ஏலத்தில் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்பது, ஓரளவுக்கு ஜெட்டாவிலும் துபாயிலும் நிர்ணயமாகிறது. 2018ஆம் ஆண்டளவில், பூச்சிமருந்தின் எச்சம் மிகுதி என்று சொல்லிச் சௌதி அரேபியா நம் ஏலக்காயைத் திருப்பியபோது, குவாடமாலாவின் காய் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எண்ணெய் வாங்குகிறவன் அந்நியச் சந்தையை நோக்கிக் கையேந்தி நிற்கிறான். ஏலக்காய் விற்கிறவனும் அங்கேயே நிற்கிறான். பாலக்காட்டு, திருச்சூர் ஜில்லாக்களின் வீடுகளுக்கு மாதாமாதம் வருகிற பணமும் அங்கிருந்தே வருகிறது. ஹார்முஸ் ஜலசந்தியில் பதற்றம் என்றால், 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதிய நாட்களில் போல, இந்த மூன்றும் ஒரே சமயத்தில் ஆட்டம் காண்கின்றன. இத்தகைய பிரதேசம் தன் எரிபொருளைப் பற்றி மற்றவர்களைவிட அதிகமாகவே யோசித்தாக வேண்டும்.

இனி இரண்டாவது பந்தத்துக்கு வருவோம். கச்சா எண்ணெயின் விலை உலகச் சந்தையில் அதலபாதாளத்துக்கு விழுந்த 2020ஆம் வருஷத்தில், மத்திய சர்க்கார் மார்ச்சில் லிட்டருக்கு 3 ரூபாயும், மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கலால் தீர்வையை உயர்த்திக்கொண்டது. விலை விழுந்ததன் லாபம் ஜனங்களை அடையும் முன்பே பொக்கிஷத்தை அடைந்துவிட்டது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைத் தீர்வை 2021இல் பெட்ரோலுக்கு 1 ரூபாய் 40 காசு என்ற அளவுக்குச் சுருங்கிற்று. மற்றதெல்லாம் பங்கிட வேண்டாத விசேஷத் தீர்வையும் மேல்வரியும். தங்களுக்கு வராத பணத்தைத் தாங்களே வசூலிக்க மாநிலங்கள் முனைந்ததில் ஆச்சரியம் இல்லை. கேரளம் பெட்ரோலுக்கு நூற்றுக்கு 30க்கு மேல் விற்பனை வரியும், அதன்மேல் சில்லறை வரிகளும் விதித்து, 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்புக்கென்று லிட்டருக்கு 2 ரூபாயும் சேர்த்தது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்து, வரியின் ஒரு பகுதியை லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாகவே வைத்திருக்கிறது. சதவீத வரிக்கு ஒரு குணம் உண்டு: பாரசீக வளைகுடாவில் குண்டு வெடித்து எண்ணெய் விலை ஏறினால், அதே விகிதத்தில் சர்க்காரின் வரவும் ஏறும். யுத்தத்தினால் வருமானம் பெருகும் நிலையில் ஒரு ஜனநாயக சர்க்கார் இருப்பது, வேண்டுமென்று செய்யாததாயினும், அதற்குச் சோபை தருவதன்று.

2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி அமலுக்கு வந்தபோது, கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வாளையாற்றின் வணிகவரிச் சாவடியில் மைல்கணக்கில் லாரிகள் நின்றிருந்த பழைய காட்சி மறைந்தது. பருத்திக்கும் சிமெண்டுக்கும் மருந்துக்கும் மாநில எல்லை அழிந்தது. பெட்ரோலுக்கும் டீசலுக்குமோ எல்லை எஞ்சி நின்றது. இவற்றையும் அந்த வரிக்குள் கொண்டுவருவதைப் பற்றி யோசிக்கும்படி கேரள ஹைகோர்ட் சொல்லியதனால், 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய சரக்கு சேவை வரிக் கவுன்ஸில் அதை எடுத்துக்கொண்டு, இப்போது சமயம் அல்ல என்று முடித்துவிட்டது. கட்சிப் பகைமை எவ்வளவு இருந்தாலும், மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் ஒருமனப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

இதன் விளைவை எல்லையில் வாழ்பவர்கள் அனுதினமும் பார்க்கிறார்கள். கேரள எண் தாங்கிய லாரிகளும் கார்களும் வாளையாற்றைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கத்திலும், குமுளியிலிருந்து இறங்கிக் கம்பத்துப் பக்கத்திலும் டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புகின்றன. எல்லையின் கேரளப் பக்கத்தில் பங்க் வைத்திருப்பவருக்கு வியாபாரம் நசிக்கிறது. கேரளத்தின் பொக்கிஷத்துக்கு வர வேண்டியது தமிழ்நாட்டின் பொக்கிஷத்துக்குப் போகிறது. தேசத்தின் கணக்கில் ஒரு சொட்டு எண்ணெயும் மிச்சமாவதில்லை. தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களின் ஜீவனம் டீசலில் ஓடுகிறது. இடுக்கி ஜில்லாவுக்குள் ரயில் கிடையாது. டீசல் விலை ஏறும்போது அந்த ஜீப் வாடகை தோட்டக்காரரின் கணக்கில் முதலில் விழுந்தாலும், நாளடைவில் கூலியிலேயே வந்து இறங்கும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றிக் குமுளி எல்லை அடைபட்டபோது முதலில் தவித்தவர்களும் இவர்களே. எல்லையில் எந்தக் கொள்கை தவறினாலும் அதற்குரிய அபராதத்தை இவர்கள்தான் கட்டுகிறார்கள்.

எரிவாயுவின் கதையும் இதே எல்லையில் முட்டிக்கொண்ட கதைதான். கொச்சி புதுவைப்பில் 2013இல் திறந்த, வருஷத்துக்கு 50 லட்சம் டன் திரவ எரிவாயுவைக் கையாளக்கூடிய நிலையம், வாயுவைக் கொண்டுசெல்லக் குழாய் இல்லாமல் பல வருஷங்கள் பெரும்பாலும் சும்மாவே கிடந்தது. பாலக்காட்டு ஜில்லாவின் கூற்றநாட்டிலிருந்து வாளையாறு வழியே தமிழகத்தின் ஏழு மேற்கு ஜில்லாக்களைக் கடந்து பெங்களூருக்குப் போக வேண்டிய குழாய்க்குக் கொங்கு நாட்டு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. ஜெயலலிதாவின் சர்க்கார் 2013இல் அவர்கள் பக்கம் நின்றது; 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு கெயில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; அதற்குப் பிறகும் வேலை எளிதில் நகரவில்லை. விவசாயிகளின் கோரிக்கை அநியாயமானதல்ல. ஆனால் பீஹாரின் மோதிஹாரியிலிருந்து நேபாளத்தின் அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாயை 2019இலும், சிலிகுரியிலிருந்து வங்காள தேசத்துக்கு 131 கிலோமீட்டர் குழாயை 2023இலும் சர்வதேச எல்லைகளைக் கடந்து திறந்துவைத்த நாம், ஒரே தேசத்தின் இரு மாநிலங்களுக்கு நடுவே குழாயின் பாதையை முன்கூட்டிப் பேசி முடிவு செய்யத் தெரியாமலிருந்தோம். அயல்நாடென்றால் ராஜதந்திரிகள் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். அண்டை மாநிலமென்றால் கோர்ட்டுக்குப் போகிறார்கள்.

இவ்வளவையும் கேட்ட ஒரு மாநில நிதி மந்திரி, “பெட்ரோலும் மதுவும் நீங்கலாக எல்லா வரியும் எங்கள் கையைவிட்டுப் போய்விட்டது, கடன் வாங்கவும் வரம்பு, முதியோர் பென்ஷனை எதைக்கொண்டு கொடுப்பது?” என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். வரியை ஒரே நாளில் எடுத்துவிடு என்பது பொறுப்பற்ற பேச்சு; எண்ணெய் மலிவானால் உபயோகம் பெருகி, இறக்குமதியும் பெருகும். வரி இருக்கட்டும். அது இன்று எண்ணெயின் விற்பனையை வாழவைக்கும் வரியாக இருக்கிறது. எண்ணெயின் தேவையை மெல்ல மெல்லக் கரைக்கும் வரியாக அது மாற வேண்டும்.

அதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவது, கேரளமும் தமிழ்நாடும் சதவீத வரியைக் கைவிட்டு, லிட்டருக்கு இவ்வளவு என்ற நிலையான தொகைக்கு வந்து, மூன்று நான்கு வருஷங்களில் இரு மாநிலங்களின் தொகையும் சமமாகும்படி ஒப்பந்தம் செய்துகொள்வது. யுத்தத்தில் லாபம் பார்க்கும் அவப்பெயரும் நீங்கும். எல்லை தாண்டி டேங்க் நிரப்பும் வீண் அலைச்சலும் நீங்கும். இரண்டாவது, பெட்ரோலையும் டீசலையும் தொடத் தயங்குகிற வரிக் கவுன்ஸில், எரிவாயுவையாவது சரக்கு சேவை வரிக்குள் கொண்டுவருவது. கஞ்சிக்கோட்டின் தொழிற்சாலைகளுக்கும் கோயமுத்தூரின் வார்ப்படச் சாலைகளுக்கும் அதனால் ஒரே கணக்கு ஏற்படும். மூன்றாவது, எண்ணெய் வரியில் ஒரு பங்கைச் சட்டபூர்வமாக ஒதுக்கி, எண்ணெய் வேண்டாத போக்குவரத்துக்கே செலவிடுவது. 1940இல் பள்ளிவாசலில் கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் எழுந்த ஜில்லா இடுக்கி. 1976இல் இயங்கத் தொடங்கி, பின்னர் 780 மெகாவாட் திறனை எட்டிய நிலையத்தை நாட்டுக்குக் கொடுத்த ஜில்லா. அந்த மின்சாரம் மலையிறங்கிச் சமவெளிக்குப் போக, அந்த மலையின் பஸ்களும் ஜீப்புகளும் கடல் கடந்து வந்த டீசலில் ஏறுகின்றன. குமுளிக்கும் கம்பத்துக்கும், மூணாறுக்கும் போடிக்கும் நடுவே இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சேர்ந்து மின்சார பஸ்களை விடட்டும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் சக்தியில் ஒரு பகுதியை அவை மீண்டும் மின்சாரமாக்கிக்கொள்ளும். 2023 ஜூனில் அகலப்பாதை ரயில் போடிநாயக்கனூர் வரை வந்துவிட்டது. மலைச் சரக்கை அங்கிருந்து ரயிலேற்ற வசதி செய்யட்டும்.

இவையெல்லாம் சிறிய காரியங்கள், ரஷ்யாவுக்கும் அமெரிக்காவுக்கும் முன் நிற்கும் ராஜதந்திரத்துக்கும் மலைப் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். விசாகப்பட்டினம், மங்களூர், பாடூர் ஆகிய மூன்று இடங்களின் நிலத்தடிக் குகைகளில் நாம் சேமித்து வைக்கக்கூடிய அவசரகால எண்ணெய் 53 லட்சம் டன். தேசத்தின் தேவையில் பத்து நாளுக்குக்கூடப் போதாதது. எண்ணெய் விற்கிறவனிடமோ, அவனிடம் வாங்காதே என்று மிரட்டுகிறவனிடமோ பேசப் போகிற நம் பிரதிநிதியின் பலம், இன்னும் எத்தனை நாள் நாம் காத்திருக்க முடியும் என்ற ஒரே கணக்கில் இருக்கிறது. குகைகளைப் பெருக்கினால் அந்த நாட்கள் கூடும். உபயோகத்தைக் குறைத்தாலும் கூடும். முன்னதை டில்லி செய்ய வேண்டும். பின்னதை மாநிலங்களே செய்ய முடியும், அதிலும் எல்லையில் சேர்ந்து செய்ய முடியும்.

1956 நவம்பர் முதல் தேதிக்கு முன் வாளையாறு சென்னை ராஜ்யத்துக்குள் இரண்டு ஜில்லாக்களின் எல்லையாகவே இருந்தது. மலபாரைக் கேரளத்தோடு சேர்த்ததும், தேவிகுளம், பீர்மேடு தமிழர்களின் ஆசைக்கு மாறாக அந்தத் தாலுகாக்களைக் கேரளத்திலேயே விட்டதும் மாநிலச் சீரமைப்புச் சட்டம். அந்தச் சட்டமே, அண்டை மாநிலங்கள் பொது விவகாரங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வதற்கென்று தென் மண்டல கவுன்ஸில் என்ற சபையையும் ஏற்படுத்தியது. எல்லைக்கோட்டை எழுபது வருஷங்களாகக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்திருக்கிறோம். அந்தச் சபையின் நிகழ்ச்சி நிரலிலோ எரிபொருள் வரியை யாரும் வற்புறுத்தி வைத்ததாகத் தெரியவில்லை. திருவனந்தபுரமும் சென்னையும் அடுத்த கூட்டத்திலேயே அதை வைக்கட்டும். இரு சர்க்கார்களும் எண்ணெய் வருமானத்திலிருந்து தங்களை விடுவித்துக்கொள்ளும் தேதியைக் குறித்துக் கையெழுத்திட்டால், அந்நியன் விரல் அசைவுக்கு நம் சந்தை ஆடும் காலத்துக்கும் அன்றே ஒரு முடிவுத் தேதி குறித்ததாகும்.